வெண்கலம், இருபத்தெட்டு கிராம்

அன்வர்பாஷா தராசில் போட்டார்.
இருபத்தெட்டு கிராம்.
"வெண்கலம் சார், செம்பு ரேட்டெல்லாம் போட மாட்டேன்" என்றார்.
போட்டார்.
பாலக்கோட்டில் அன்று தக்காளி கிலோ ஆறு ரூபாய்.
பேரம் பேச யாருக்கும் தெம்பில்லை.

என்னிடம் ஏற்கெனவே இருப்பவை:
தோள்பட்டைப் பித்தளை எழுத்துகள் பதினொன்று,
தொப்பி முத்திரை நான்கு (ஒன்று போலி),
தலை போன சிங்கத்தோடு ஒரு பொத்தான்.
வீட்டில் இதற்குப் பெயர் ஆணி டப்பா.

இது வேறு.
மூக்கு தேய்ந்த ராஜா ஒரு பக்கம்,
துணியில்லாமல் குதிரைமேல் ஒருவன் மறுபக்கம்.
விளிம்பில், நகத்துக்கு மட்டும் தட்டுப்படும் ஆழத்தில்,
ஒரு எண், ஒரு பெயர், கூலிப்படை.
துப்பாக்கி பிடித்தவனுக்கு வெள்ளி,
மண் சுமந்தவனுக்கு வெண்கலம்.
கடலுக்கு அப்பாலும் பந்தி வேறுதான்.

பெயர்: எம் ஏ டி ஐ ஏ என்.
மாதையன் என்று படிக்கலாம்.
மடியன் என்று படித்தால் சோம்பேறி.
மடியான் என்றால்
சாக மாட்டான்.
வெட்டியவன் உளிக்குத் தகரமும் டகரமும் ஒன்று,
குறிலும் நெடிலும் ஒன்று.

நான் மின்வாரியத்தில் ரீடிங் எடுப்பவன்.
எந்த வாசலிலும் நிற்க எனக்கு ஒரு காரணம் உண்டு.
மாரண்டஹள்ளியில் ஒன்பது மாதையன்,
பஞ்சப்பள்ளியில் பதினாலு,
அதில் இருவர் ஒரே வீட்டில், பேச்சுவார்த்தை இல்லை.
"பென்ஷன் பாக்கி எதுனா வருமா?" என்றார் ஒருவர்.
இன்னொருவர் நாயை அவிழ்த்துவிட்டார்.

வழியில் ஏரிக்கரையில் ஒரு நடுகல்,
மேலே தக்காளிக் கிரேடு காய்கிறது.
மழை தின்றது போக
'தொறு மீட்டுப் பட்டான்' வரை படிக்கக் கிடைக்கிறது.
எந்த அரசன் ஆண்டில், எவன் சேவகன்,
எந்த ஊர் மாட்டுக்காக,
எல்லாம் சொல்லியிருப்பார்கள் அந்தக் காலத்தில்.
என் வட்டில் ஊர் இல்லை.
பட்டானா, வந்தானா, அதுவும் இல்லை.

கிடைத்தது என் நோட்டிலேயே.
ஆறு வருடமாக என் கையெழுத்தில் இருக்கிறது:
பஸ்ராக்கொல்லை, வீட்டு இணைப்பு, ஒன்று.
பாஷா கொல்லை என்பதைத்தான்
யாரோ கொச்சையாக்கிவிட்டார்கள் என்றிருந்தேன்.
பேளாரஹள்ளி தாண்டி, கேழ்வரகுக்கு நடுவில்,
ஒரே வீடு.

மாதேஸ்வரி கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தாள்.
விளிம்பைப் பார்க்கவில்லை. ராஜாவைப் பார்க்கவில்லை.
தேய்ந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினாள்.
"இது எங்க கட்டில் காலுக்குக் கொடுத்திருந்ததாச்சே.
ஓட்டை அலுமினியக் குண்டானோட சேர்த்து
நான்தானே போட்டேன் பாய் கடையில.
உங்ககிட்ட எவ்ளோ வாங்கினாரு?"

சொன்னேன்.
சிரித்தாள், கொஞ்சம் அதிகமாகவே.
அவளுக்குப் பதினோரு ரூபாய் கொடுத்தாராம்.

"பஸ்ரா?"
"அது கொல்லைக்குப் பேருங்க."
"யாராவது போய் வந்தார்களா?"
"எங்க மாமனாருக்குப் பாட்டனோ யாரோ.
ராத்திரியில தூங்க மாட்டாராம்.
வரப்பு வெட்டிக்கிட்டே இருப்பாராம்.
அதான் பாருங்க, எங்க வரப்பு மட்டும் அவ்ளோ அகலம்."

பார்த்தேன்.
ஒரு மாட்டுவண்டி போகலாம்.

டப்பாவில் பஞ்சு வைத்து இடம் ஒதுக்கியிருந்தேன்.
சீட்டுகூட எழுதியாயிற்று, பெயருக்கு மட்டும் இடம் விட்டு.
அவள் கேட்கவில்லை. நான்தான் நீட்டினேன்.
"அப்போ ஒரு கை புடிங்க சார்" என்று உள்ளே போனாள்.

கட்டிலைத் தூக்கிப் பிடித்தேன்.
ராஜாவைக் குப்புற வைத்தாள்.
"குதிரை மேல இருக்கட்டும், முனியப்பன்."
இறக்கினேன்.
அழுத்திப் பார்த்தாள், ஆடவில்லை.

வெளியே வந்து
மீட்டர் பெட்டி சிலந்தி வலையை விலக்கி
அந்த மாதக் கணக்கை எழுதினேன்.
தொண்ணூற்று மூன்று யூனிட்.
கட்ட வேண்டியது ஒன்றுமில்லை.